முதுகுக்குப் பின்னால் ஒரு கொடி

கொலம்பஸ், ஒஹாயோ
ஜூன் 9, 1975

ஏமஸ்,

இது நாலாவது தாள். முதல் மூன்றும் ஓட்டல் குப்பைக்கூடையில் கிடக்கின்றன. ஒன்றில் உன்னைத் திட்டியிருந்தேன், ஒன்றில் கெஞ்சியிருந்தேன், மூன்றாவதில் இந்த ஊர் மழையைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தேன். மூன்றில் அதுதான் மகா மோசம்.

நீ ஜாக்சன்வில்லில் பஸ்ஸை விட்டு இறங்கி மூன்று வாரம் ஆகிறது. உன் இடத்தில் மேனேஜர் கெஸ்லர் ட்ராய் என்று ஒருவனைக் கொண்டு வந்திருக்கிறான். நல்ல ஆள்தான், ஆனால் ரயிலைப் பிடிக்க ஓடுகிறவன் மாதிரி டிரம்ஸ் அடிக்கிறான். நேற்று கடைசிப் பாட்டில் நான் வழக்கம்போல கிட்டாரை இழுத்து வாசித்துக்கொண்டே திரும்பிப் பார்த்தேன். நீயாக இருந்தால் புருவத்தைத் தூக்கி, போதும் இறங்கு என்பாய். ட்ராய் கண்ணை மூடிக்கொண்டிருந்தான். எங்கே முடிப்பது என்று எனக்கே தெரியவில்லை. எட்டாயிரம் பேர் முன்னால் அநாதை மாதிரி நின்றேன்.

உன் மாமாவின் டயர் கடையில் நாம் இரண்டு பேரும் ஆரம்பித்தபோது நமக்குப் பதினாறு வயது. பதினோரு வருஷம் ஆகிறது. அலபாமாவில் யாருக்குமே தெரியாத டார்வர் என்ற ஊரின் பெயரைக் கோஷ்டிக்கு வைத்து, 'டார்வர் ரோடு' என்று இன்றைக்கு நாடு முழுக்க ரேடியோவில் சொல்லவைத்திருக்கிறோம். அடுத்த இசைத்தட்டு ஆகஸ்டில் வருகிறது. இந்த நேரத்திலா இறங்குவது? ஒரு துணிக்காகவா? மேடைக்குப் பின்னால் கட்ட ஏதோ ஒரு துணி வேண்டும், இந்தத் துணியைக் கட்டினார்கள். துணியைப் பார்த்தா நாம் வாசிக்கிறோம்?

அடுத்த வாரம் டெட்ராய்ட்டில் இருப்போம். வந்துவிடு. யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள்.

வெல்டன்


டார்வர், அலபாமா
ஜூன் 17, 1975

வெல்டன்,

உன் கடிதத்தில் 'துணி' என்ற வார்த்தை நாலு முறை வருகிறது. 'கொடி' என்ற வார்த்தை ஒரு முறைகூட இல்லை. எண்ணிப் பார்த்தேன். எண்ணுவதுதானே என் தொழில்.

நீ எழுதாததை நானே எழுதிவிடுகிறேன். மே 18, ஞாயிற்றுக்கிழமை, மதியம் மூன்று மணி. கெஸ்லரின் ஆட்கள் அதை என் டிரம்ஸுக்குப் பின்னால் ஏற்றினார்கள். முப்பதடி அகலம். சிவப்பு, நடுவில் நீலப் பெருக்கல் குறி, அதற்குள் நட்சத்திரங்கள். என் கொள்ளுத்தாத்தாவை அடிமையாகவே வைத்திருக்க வேண்டும் என்று நூறு வருஷம் முன்னால் உள்நாட்டுப் போரில் சண்டை போட்டுத் தோற்ற தெற்கத்திக்காரர்களின் கொடி. கெஸ்லர் கைதட்டினான். "ஆங், இப்பதான்யா தெற்கத்திக் கோஷ்டி மாதிரி இருக்கு!" பாடுகிற டேல் என்னைப் பார்த்துச் சிரித்தான். "ஏமஸு, இது முன்னாடி நீ நல்லா எடுப்பா தெரிவடா."

நான் டேலைப் பார்க்கவில்லை. உன்னைத்தான் பார்த்தேன். நீ குனிந்து கிட்டாரைச் சுருதி சேர்க்க ஆரம்பித்தாய். அது ஏற்கெனவே சேர்ந்துதான் இருந்தது. பத்து நிமிஷம் முன்னால் நாம் இருவரும் சேர்ந்து வாசித்துப் பார்த்தோமே.

ஆறு பேரில் கறுப்பன் நான் ஒருவன். அந்தக் கொடிக்கு மிக நெருக்கமாக, அதற்கு முதுகைக் காட்டி உட்கார வேண்டியவனும் நான்தான். கூட்டம் இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்கும். அதனால்தான் இறங்கினேன்.

ஆகஸ்டிலிருந்து பள்ளிக்கூட பஸ் ஓட்டப் போகிறேன். இப்போதைக்கு அந்த பஸ் கராஜில் வண்டி கழுவுகிறேன். அங்கே மெக்கானிக் உன் அப்பா என்பது உனக்கே தெரியும். காலையில் "வணக்கம் மிஸ்டர் ஸ்ட்ரவுட்" என்பேன், அவர் தலையாட்டுவார். அன்றைக்கு எங்களுக்குள் பேச்சு அவ்வளவுதான்.

வெர்னெல் முழுகாமல் இருக்கிறாள். நவம்பர் என்கிறார் டாக்டர். கூப்பிட்டு எழுத வேண்டாம். டெட்ராய்ட்டுக்கு வர மாட்டேன்.

ஏமஸ் திரெட்கில்


கான்சாஸ் சிட்டி
ஆகஸ்ட் 21, 1975

ஏமஸ்,

முழுப் பெயரைப் போட்டுக் கையெழுத்துப் போடும் அளவுக்கு ஆகிவிட்டதா? வங்கியிலிருந்து கடிதம் வந்ததோ என்று பயந்துபோனேன்.

வெர்னெலுக்கு என் வாழ்த்தைச் சொல். நிஜமாகவே சொல்கிறேன். கடிதத்தைப் படித்துவிட்டு பஸ்ஸில் எழுந்து நின்று கத்தினேன். டிரைவர் பிரேக் போட்டுவிட்டான்.

நீ சொன்னதை யோசித்துப் பார்த்தேன். கெஸ்லரிடம் கேட்கவும் செய்தேன், ஒரு தடவை. "கொடியப் பாத்தாதான் பசங்க கத்துறானுங்க, ஒப்பந்தத்துலயே மேடை அலங்காரம் கம்பெனி பொறுப்புன்னு இருக்கு, நீ வாசிக்கிற வேலையப் பாரு" என்றான். அப்புறம் நான் என்ன செய்ய? ஐந்து பேர் சோறு இதில் இருக்கிறது. நான் ஒருத்தன் மல்லுக்கு நின்றால் எல்லாம் நின்றுபோகும்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்கிறேன், கோபப்படாதே. அதைப் பார்த்தால் எனக்கு நீ சொல்லும் யுத்தம் எல்லாம் ஞாபகம் வருவதில்லை. பள்ளிக்கூட ஃபுட்பால் மைதானம் ஞாபகம் வருகிறது. அப்பாவின் பழைய லாரி ஞாபகம் வருகிறது, பின்கண்ணாடியில் அதை ஒட்டியிருந்தாரே. அந்த லாரியில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டு ஆற்றுக்குப் போனது ஞாபகம் வருகிறது. ஊரை விட்டு எங்கோ ஓட்டலில் கிடக்கிறவனுக்கு அது வீடு மாதிரி. அதில் என்ன தப்பு என்று எனக்கு நிஜமாகவே புரியவில்லை.

புதிய இசைத்தட்டு வந்துவிட்டது. டிரம்ஸ் எல்லாம் நீ அடித்ததுதான், அதை மாற்ற விடவில்லை. ஒன்று அனுப்பியிருக்கிறேன். அட்டையைப் பார்க்காதே, கேள்.

அப்பாவுக்கு மூன்று கடிதம் போட்டேன், பதிலே இல்லை. உடம்புக்கு ஏதாவதா? கொஞ்சம் பார்த்து எழுதேன்.

வெல்டன்


டார்வர்
செப்டம்பர் 14, 1975

வெல்டன்,

இசைத்தட்டு வந்தது. வீட்டுக்கு அனுப்பாமல் கராஜுக்கு அனுப்பியிருக்கிறாய். வெர்னெல் கண்ணில் படக்கூடாது என்றுதானே? அவள் கண்ணில் படவில்லை. உன் அப்பா கண்ணில் பட்டது.

பார்சலைப் பிரித்து பஸ் படிக்கட்டில் வைத்துவிட்டு வாளி எடுக்கப் போனேன். திரும்பி வந்தால் ஹாய்ட் அதைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார். கிரீஸ் பட்டுவிடக் கூடாது என்று இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் ஓரத்தை மட்டும் பிடித்திருந்தார். அட்டையில் நீங்கள் எல்லோரும், உங்களுக்குப் பின்னால் அது.

"இதுக்குத்தான் இறங்கி வந்தியா?" என்றார்.

"ஆமா சார்."

அட்டையைப் பார்த்தபடியே சொன்னார். "அறுபத்திரெண்டுல, உங்க சர்ச்சுக்கு வந்தாங்களே... ரெண்டாவது வண்டி என்னுது."

"தெரியும் சார்."

"தெரியுமா?"

"நீல லாரில ஒரு கதவு மட்டும் பச்சை. ஊர்ல வேற யார்கிட்ட சார் அப்படி வண்டி இருந்துச்சு?"

அவர் முகம் போன போக்கை எழுத எனக்கு மனசில்லை. "நான் கல்லு எறியல, வண்டிதான் ஓட்டினேன்" என்றார். அதுவும் தெரியும் என்றேன். இசைத்தட்டை வைத்த இடத்திலேயே வைத்துவிட்டு ஒரு பஸ்ஸுக்கு அடியில் போய்ப் படுத்தார். சாயங்காலம் வரை வெளியே வரவில்லை.

உனக்கு இது எதுவும் தெரியாது. நான் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன். நமக்குப் பதினாலு வயது, நீயும் நானும் இன்னும் பேசிக்கொள்ளாத காலம். ஒரு வெள்ளிக்கிழமை என் அப்பாவும் எங்கள் சர்ச் ஆட்கள் பதினொரு பேரும் கோர்ட்டுக்குப் போய், அதுவரை கறுப்பர் ஒருவர் பெயரும் இல்லாத ஓட்டுப் பட்டியலில் பெயர் எழுதச் சொல்லிக் கேட்டார்கள். மறுநாள் மத்தியானம் சர்ச்சில் பாட்டு ஒத்திகை. அம்மா ஆர்கன் வாசிக்க, நான் பக்கத்தில் நின்று பக்கம் புரட்டிக்கொண்டிருந்தேன். மூன்று லாரி வந்தது. மூன்றிலும் அந்தக் கொடி. ஒரு ஜன்னல்கூட மிஞ்சவில்லை. என் தாடையில் இருக்கும் தழும்பு அப்போது கண்ணாடி கிழித்தது, நாலு தையல். டயர் கடையில் நீ கேட்டபோது சைக்கிளிலிருந்து விழுந்தேன் என்றேன். நீ சிரித்தாய். நானும் சிரித்தேன்.

அந்த லாரி உனக்கு வேர்க்கடலையை ஞாபகப்படுத்துகிறது. அதில் தப்பில்லை. எனக்கு வேறொன்றை ஞாபகப்படுத்துகிறது. கொடியும் அப்படித்தான்.

அவருக்கு உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது.

ஏமஸ்


டல்ஸா
அக்டோபர் 2, 1975

ஏமஸ்,

அப்பாவுக்குப் போன் போட்டேன். "ஆமா, நான்தான்" என்றார். "ஏன்பா?" என்றேன். "எல்லாரும் போனாங்க, போகலன்னா மில்லுல மூஞ்சி குடுத்துப் பேச மாட்டாங்க" என்றார். போனை யார் முதலில் வைத்தது என்றுகூடத் தெரியவில்லை.

உன் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று சொன்னால் சிரிப்பாய். ஒரு இடத்தில் தாள் கிழிந்தே போயிற்று. குழந்தை மாதிரி அழுதேன். இன்னும் அழுதுகொண்டுதான் எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள். எல்லாவற்றுக்கும் மன்னித்துக்கொள்.

எனக்கு ஒன்று மட்டும் புரியவில்லை. நான் யார் மகன் என்று உனக்கு ஆரம்பத்திலேயே தெரியும். அப்புறமும் ஏன் பத்து வருஷத்துக்கு மேல் என்னோடு வாசித்தாய்?

வெல்டன்


டார்வர்
அக்டோபர் 12, 1975

வெல்டன்,

கேட்டதற்குப் பதில். டயர் கடைக்கு நீ கிட்டாரோடு வந்த அன்றைக்கு எனக்கு உன்னைத் தெரியும், லாரியையும் தெரியும். விரட்டிவிடத்தான் இருந்தேன். நீ வாசித்தாய். கை அருமை, தாளம் கண்றாவி. "நாலு வரைக்கும் எண்ணத் தெரியுமா உனக்கு?" என்றேன், நீ கோபித்துக்கொண்டு போவாய் என்று நினைத்து. நீ டயர் மேல் உட்கார்ந்து, "தெரியல, சொல்லித்தா" என்றாய். அதுவரை இந்த ஊரில் எந்த வெள்ளைக்காரனும் என்னிடம் எதையும் சொல்லித்தரச் சொன்னதில்லை.

அன்று வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன், ஹாய்ட் ஸ்ட்ரவுட் மகன் வந்தான் என்று. அம்மா பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். "அந்த வண்டிய அவன் ஓட்டலியே" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு நீ எங்கள் வீட்டில் எத்தனை தட்டு பீன்ஸ் தின்றாய் என்று உனக்கே கணக்கு இருக்காது.

இப்போது என் முறை. நீ அழுதாய், சரி. அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? பதினாலு வயதில் என்ன நடந்தது என்று உனக்குத் தெரியாமல் இருந்தது, அதற்கு நான் உன்னிடம் கணக்குக் கேட்கவில்லை. மே மாதம் நடந்ததை நீ பார்த்தாய். அதற்குத்தான் கேட்கிறேன்.

அது இன்னும் தொங்குகிறதா, இல்லையா? அதை மட்டும் எழுது. தொங்கினால் எழுதாதே.

ஏமஸ்


சார்லட், வட கரோலினா
நவம்பர் 23, 1975

ஏமஸ்,

தொங்கவில்லை.

நேற்று மதியம் இறக்கினேன். உன் கடிதம் வந்து ஐந்து வாரம் கழித்து. அந்த ஐந்து வாரமும் அதன் முன்னால் நின்று வாசித்தேன் என்பதை மறைக்க மாட்டேன். தினமும் நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினேன். போன வியாழக்கிழமை ஒரு ஊரில் வாசித்துக்கொண்டே டிரம்ஸ் பக்கம் திரும்பினேன். நீ அங்கே இல்லை, ஆனாலும் உன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அப்படி ஒன்று உண்டா? எனக்கு அப்படித்தான் இருந்தது.

நேற்று முதலில் கெஸ்லரிடம் போனேன். "இறக்கச் சொல்லு, இல்லன்னா நான் இறக்குவேன்" என்றேன். அவன் காபியைக் கீழே வைக்கவே இல்லை. "அத எறக்கிட்டா டிக்கெட்ட யாரு வாங்குவா? உன் அழகப் பாக்கவா வர்றானுங்க?" என்றான். டேல் கோபமாகவே பேசினான். "ஏண்டா, போனவன் போயிட்டான், இருக்கறவன் பொழப்பக் கெடுக்கறியே!"

ஏணி கொண்டுவந்து சாத்தினேன். எனக்கு உயரம் என்றால் எப்படி என்று உனக்குத் தெரியும். பாதி ஏறியதும் ஏணி ஆட ஆரம்பித்தது, இல்லை, நான்தான் ஆடியிருக்க வேண்டும். கீழே பார்த்தால் ட்ராய் வந்து இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். "மேல போங்க, நான் விட மாட்டேன்" என்றான். அவன் தாளம்தான் ஓடும், ஆள் தங்கம். கொக்கிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். அது மொத்தமாக அவன் தலையில் விழுந்தது.

மேடையில் வெறும் கறுப்புத் திரைதான். இரண்டாவது பாட்டு முடிந்ததும் கத்த ஆரம்பித்துவிட்டார்கள். "கொடி எங்கடா? கொடி எங்க?" ஒன்பதாயிரம் பேர், காலைத் தரையில் தட்டிக்கொண்டு. ஒரு பாட்டில் வந்து என் ஒலிபெருக்கியில் உடைந்தது. டேல் மைக்கை விட்டு விலகி நின்றான். நான் போனேன். நான் மேடையில் பேசியதே இல்லையே, குரல் எலி மாதிரி வந்தது. "எங்க ஊர்ல இந்தக் கொடியக் கட்டிக்கிட்டு வந்து ஒரு சர்ச்ச உடச்சாங்க. அதுல ஒரு வண்டிய ஓட்டினது எங்க அப்பா. எங்க டிரம்மர் அந்த சர்ச்சுக்குள்ள இருந்தான். இனிமே இது முன்னாடி நான் வாசிக்க மாட்டேன்." அவ்வளவுதான். கூச்சல் இன்னும் பெரிதாகிவிட்டது. எழுந்து போனவர்கள் உண்டு. உட்கார்ந்தே இருந்தவர்களும் உண்டு, அது நான் எதிர்பார்த்ததைவிட அதிகம். மீதி ஒன்பது பாட்டையும் வாசித்தோம்.

இன்று காலை கூடிப் பேசினார்கள். நானும் ட்ராயும் ஒரு பக்கம், மற்றவர்கள் ஒரு பக்கம். நாங்கள் இரண்டு பேரும் வெளியே. பெயர் கம்பெனிக்குச் சொந்தமாம். நாம் பிறந்த ஊரின் பெயர் இனி கெஸ்லருடையது, அவன் இதுவரை டார்வரில் கால் வைத்ததில்லை. ட்ராயை நாஷ்வில்லுக்கு அனுப்பிவிட்டேன், அவனுக்கு அங்கே வேலை கிடைத்துவிடும்.

எனக்குத்தான் எங்கே போவது என்று தெரியவில்லை. ஊருக்கு வரலாமா? அப்பா முகத்தில் எப்படி விழிப்பது? உன் முகத்தில்? குழந்தை பிறந்துவிட்டதா?

வெல்டன்


டார்வர்
டிசம்பர் 8, 1975

வெல்டன்,

பெண் குழந்தை. நவம்பர் 19. மூன்றரை கிலோ. பெயர் லெனோரா. தாய்க்கும் பிள்ளைக்கும் சுகம். அழுகை சரியான தாளத்தில் வருகிறது.

நீ செய்தது பேப்பரில் வந்தது, புகைப்படத்தோடு. 'தென்னாட்டுக் கிட்டார்காரரின் துணிச்சல்' என்று தலைப்பு. படித்துவிட்டு எனக்கு இரண்டு விதமாகவும் இருந்தது. இரண்டையும் சொல்லிவிடுகிறேன்.

முதலாவது, நீ இறக்கினாய். அந்த ஏணியில் ஏறினாய். அதைப் படித்தபோது நான் சமையலறையில் எழுந்து நின்றேன்.

இரண்டாவது, நான் மே மாதம் இறங்கினேன், அதை எந்தப் பேப்பரும் எழுதவில்லை. அது போகட்டும். அந்த சர்ச்சில் நடந்ததை நான் உனக்குத்தான் சொன்னேன், ஒன்பதாயிரம் பேருக்குச் சொல்லவில்லை. பதிமூன்று வருஷமாக அம்மாவும் நானும் வாய் திறக்காமல் வைத்திருந்ததை நீ என்னைக் கேட்காமல் மைக்கில் சொன்னாய். நல்ல மனசோடுதான் சொன்னாய். ஆனால் அது என்னுடையது. இப்போது கடையில் மாவு வாங்கப் போனால்கூட என் தாடையைப் பார்க்கிறார்கள். இன்னொரு தடவை அப்படிச் செய்யாதே.

இனி உன் அப்பா. பேப்பர் வந்த மறுநாள் அவர் வண்டியில் யாரோ சிவப்புப் பெயின்டில் ஒரு வார்த்தை எழுதியிருந்தார்கள். அதை இங்கே எழுத மாட்டேன். அவர் கராஜில் நின்று மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தார். எனக்கும் ஒரு துணி கிடந்தது, எடுத்துக்கொண்டு போய் மறுபக்கத்தைத் துடைத்தேன்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. பிரசங்கம் பாதியில் கதவு திறந்தது. ஹாய்ட் ஸ்ட்ரவுட், கோட்டு போட்டுக்கொண்டு, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு. பாஸ்டர் நிறுத்திவிட்டார். "நான் அன்னிக்கு வண்டி ஓட்டிட்டு வந்தேன்" என்றார் உன் அப்பா. "அத என் வாயால இங்க வந்து சொல்லணும்னு தோணுச்சு. சொல்லிட்டேன்." திரும்பிப் போக எத்தனித்தார். ஆர்கன் முன்னாலிருந்து அம்மா குரல் கொடுத்தார். "மிஸ்டர் ஸ்ட்ரவுட், பாதிப் பிரசங்கத்துல எழுந்து போறது எங்க சர்ச்சுல வழக்கம் இல்ல. உக்காருங்க."

உட்கார்ந்தார். கடைசி வரிசையில், ஓரமாக. பெஞ்சில் இருந்த லாட்டிமர் குடும்பம் எழுந்து வேறு பெஞ்சுக்குப் போனது. அவர்கள் போனதும் சரிதான், அம்மா உட்காரச் சொன்னதும் சரிதான் என்று எனக்குத் தோன்றுகிறது. எல்லாம் ஒரே நாளில் ஆகிவிடாது.

ஊருக்கு வரலாமா என்று கேட்கிறாய். இது உன் ஊர். என்னைக் கேட்பானேன்? டயர் கடைப் பின்னறையில் டிரம்ஸைப் போட்டுவைத்திருக்கிறேன். வந்தால் இரண்டு பேர் பெயரும் அட்டையில் வரும், பின்னால் எதுவும் தொங்காது. இது என் நிபந்தனை.

பொறுப்பாக ஒரு ஸ்வெட்டர் வாங்கிக்கொண்டு வா, லெனோராவுக்கு. சிவப்பு வேண்டாம்.

ஏமஸ்


டார்வர்
ஏப்ரல் 20, 1976

மெம்ஃபிஸ் மாப்பிள்ளைக்கு,

அங்கே ஸ்டுடியோவில் மூன்று வாரம் பெரிய பாடகிக்கு டிரம்ஸ் அடிக்கிற உனக்கு, இங்கே உன் பஸ்ஸை ஓட்டுகிற ஏழை எழுதிக்கொள்வது. உன் வழித்தடத்தில் முப்பத்தெட்டுப் பிள்ளைகள். முதல் நாளே ஒரு குட்டிப் பெண் பின்சீட்டிலிருந்து கத்தினாள்: "மிஸ்டர் ஏமஸ் வளைவுல மெதுவா போவாரு!" மொத்த பஸ்ஸும் ஆமாம் போட்டது. ஒன்பதாயிரம் பேர் கத்தியபோதுகூட எனக்கு இப்படி வியர்த்ததில்லை.

உன் வீட்டில் எல்லோரும் நலம். லெனோரா என் விரலைப் பிடித்துக் கடிக்கிறாள், இன்னும் பல் வரவில்லை என்பதுதான் நிம்மதி. அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் உங்கள் சர்ச்சின் பின்கூரையில் ஏறி ஓட்டை அடைக்கிறார். யாரும் கேட்கவில்லை, அவராகவே போகிறார். நானும் அவரும் இப்போது காலையில் ஒன்றாகக் காபி குடிக்கிறோம். அதிகம் பேசுவதில்லை. நேற்று "உன் பாட்டு ஒண்ண ரேடியோல கேட்டேன், நல்லாத்தான் இருக்கு" என்றார். என் இருபத்தெட்டு வயதில் முதல் தடவை.

இப்போது விஷயம். ஜார்ஜியாவில் அந்த இசைத்தட்டுக் கம்பெனிக்கு நாம் அனுப்பிய ஐந்து பாட்டுக்கும் பதில் வந்திருக்கிறது. வாசிப்பு பிரமாதம், போடுகிறோம் என்கிறார்கள். ஆனால் ஒரு கேள்வி: "பாடுவது யார்? அந்தக் குரல் வேண்டாம்." அந்தக் குரல் என்னுடையது. எண்ணெய் போடாத கதவு மாதிரி இருக்கிறதாம். தப்பில்லை, எனக்கே தெரியும். யாரைப் பிடிக்கலாம் என்று யோசி.

மே 15, சனிக்கிழமை மதியம் உயர்நிலைப் பள்ளி ஜிம்மில் வாசிக்க அனுமதி கிடைத்துவிட்டது. நாம் படித்த காலத்தில் அது வெள்ளைப் பிள்ளைகளுக்கு மட்டும், உனக்கு உள்ளே வர அனுமதியே இல்லை. ஒட்டிய நோட்டீஸ்களில் பாதியை யாரோ கிழித்துவிட்டார்கள். மறுபடி ஒட்டினேன். மறுபடி கிழித்தார்கள். மூன்றாவது தடவை ஒட்டியது இன்று வரை அப்படியே இருக்கிறது. நாற்பது பேரைக் கூட்டிக்கொண்டு வருவதாக உன் அம்மா சொன்னார்.

கடைசியாக ஒன்று. ஊரைப் பற்றிய அந்தப் பாட்டு, ஆறாவது. இரண்டு சரணம் எழுதிவிட்டேன்: ஆறு, ஃபுட்பால் மைதானம், மில் சங்கு. பாடிப் பார்த்தால் நடுவில் பெரிய ஓட்டை. அங்கே என்ன வர வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஆனால் அதை நான் எழுதக் கூடாது. ஒரு தடவை உன்னைக் கேட்காமல் சொல்லிவிட்டேன், அது போதும். அந்த இடத்தை வெறும் கிட்டாரால் நிரப்பிவிடட்டுமா?

வெல்டன்


மெம்ஃபிஸ்
ஏப்ரல் 26, 1976

வெல்டன்,

வளைவில் மெதுவாகப் போ. பிள்ளைகள் சொல்வதைக் கேள்.

இங்கே வேலை நன்றாகப் போகிறது. கோடையில் கூடவே சுற்றுப்பயணம் வரச் சொல்கிறார் அந்த அம்மா. மே பதினைந்துக்குப் பிறகு சொல்கிறேன் என்றேன். வெர்னெலைக் கேட்க வேண்டும், உன்னையும் கேட்க வேண்டும். சட்டென்று இல்லை என்று சொல்லும் ஆசை எனக்கு இல்லை, அதையும் இப்போதே சொல்லிவைக்கிறேன். அப்படியே போனாலும் செப்டம்பரில் திரும்பிவிடுவேன்.

வெறும் கிட்டாரால் நிரப்பாதே. நீ நிரப்ப ஆரம்பித்தால் ஊரே வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்துவிடும்.

உன் கடிதத்தைப் படித்த பிறகு இரண்டு நாள் எதுவும் ஓடவில்லை. நான் பாட்டு எழுதியதே இல்லை. நேற்று மதியச் சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் வெளியே போனதும், டிரம்ஸ் முன்னால் உட்கார்ந்து தொடையில் தட்டிக்கொண்டே எழுதினேன். திருத்தவில்லை. இதுதான்:

சனிக்கெழம மத்தியானம், ஜன்னலெல்லாம் வெயிலு,
அம்மா வெரலு ஆர்கன் மேல, பக்கத்துல நானு.
மூணு வண்டி வந்துச்சு, ஜன்னல் இல்லாமப் போச்சு,
வெயிலு மட்டும் போகல, தரையெல்லாம் மின்னுச்சு.
மறுநா நாங்க அதே பாட்ட அங்க நின்னே பாடினோம்,
தொறந்த எடத்து வழியா அது ஆறு வரைக்கும் கேட்டுச்சு.

நன்றாக இருக்கிறதா என்று எழுதாதே. வந்து கேட்டுக்கொள்கிறேன். ஒரு சொல்லைக்கூட மாற்றாதே.

இன்னொன்று. பாடுவதற்கு ஆள் தேட வேண்டாம். பத்து வருஷமாக உன் முதுகைப் பார்த்துக்கொண்டே உதட்டுக்குள் பாடிக்கொண்டு இருந்திருக்கிறேன், நீ ஒரு நாளும் கவனித்ததில்லை. ஜிம்மில் மைக்கை டிரம்ஸ் பக்கம் வை. இதையும் நான் பாடுகிறேன், மற்ற ஐந்தையும் நானே பாடுகிறேன்.

வெள்ளிக்கிழமை மதிய பஸ்ஸில் வந்து இறங்குவேன். அதுவரை இந்தத் தாளை யாருக்கும் காட்டாதே. அம்மாவிடம் நானே சொல்லிக்கொள்கிறேன்.

ஏமஸ்